ஏழு தலைமுறை காத்திருந்தவர்கள்



இந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கொஞ்சம் நீளம். கடைசி பீரியட் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். மணி அடித்துவிட்டது என்று பாதியில் யாரும் பையைத் தூக்கக் கூடாது.

சில மாதங்களாக உங்களில் பலர் எனக்கு அனுப்பும் செய்திகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வேலை போனவர்கள், குழந்தை வரம் வேண்டிக் காத்திருப்பவர்கள், பெற்றவர்களின் வைத்தியச் செலவுக்கு நகையை அடகு வைத்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாரம். அதில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி மனதிலேயே நிற்கிறது: "எல்லாரும் பொறுமையா இருன்னு சொல்றாங்க டீச்சர். பொறுமையா இருக்கிறதுன்னா என்ன செய்யணும்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்களே?"

சரியான கேள்வி. கோயிலில் பிரசங்கம் வைப்பது என் வேலை இல்லை. எனக்குத் தெரிந்தது வரலாறு. அதனால் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன். பாடப் புத்தகத்தில் நாம் படிக்காத பகுதி இது.

ஜப்பான் வரைபடத்தை மனதில் கொண்டு வாருங்கள். தெற்கே கியூஷு தீவு. அதன் மேற்கு ஓரத்தில் நாகசாகி துறைமுகம். நாகசாகி என்றதும் உங்களுக்கு அணுகுண்டு நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு வருவோம். அந்த நகரத்தின் வடபுறம் உராகாமி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. நான் சொல்லப்போவது அந்த ஊர் விவசாயிகளின் கதை.

ஜப்பானுக்குக் கிறிஸ்தவ மறையைக் கொண்டுபோனவர் நம் கடற்கரைக்கு நன்றாகத் தெரிந்தவர்தான், புனித பிரான்சிஸ் சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாடு, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் நடந்தவர். செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். தான் இல்லாத நாளிலும் செபம் தொடர வேண்டும் என்று ஊர் ஊராகக் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். நம் ஊர் உபதேசியார்களுக்கு முன்னோடி அவர்கள்தான். அந்தச் சவேரியார் 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார்.

அடுத்த அறுபது ஆண்டுகளில் அங்கே கிறிஸ்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் ஆனார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். ஆட்சியாளர்களுக்குப் பயம் வந்தது. போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்பது அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. மக்கள் தங்களை விட வேறொரு தலைமைக்குக் கீழ்ப்படிவார்களோ என்ற சந்தேகமும் இருந்தது. 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேரைச் சிலுவையில் அறைந்து கொன்றார்கள். அவர்களில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். மும்பைக்கு வடக்கே உள்ள வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் இருந்தார்.

1614இல் நாடு முழுவதும் தடை வந்தது. பாதிரியார்களை நாடு கடத்தினார்கள். ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். காட்டிக் கொடுப்பவர்களுக்கு வெள்ளிக் காசு என்று பலகை எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த கோயிலில் பெயரைப் பதிய வேண்டும். ஐந்து ஐந்து வீடுகளாகக் கட்டி, ஒரு வீட்டின் குற்றத்துக்கு மற்ற வீடுகளையும் பொறுப்பாளி ஆக்கினார்கள். 1644 வாக்கில் கோனிஷி மான்ஷோ என்ற கடைசிக் குருவானவரும் கொல்லப்பட்டார்.

அதன் பிறகு ஜப்பானில் ஒரு குருவானவர் கூட இல்லை. பூசை இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, கோயில் மணி இல்லை. ஓரிரு ஆண்டுகள் அல்ல, இருநூறு ஆண்டுகளுக்கு மேல்.

இனிதான் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். அத்தனை காலம் உராகாமி விவசாயிகள் பொறுமையாக இருந்தார்கள். அப்படியென்றால் என்ன செய்தார்கள்?

மூன்று வேலைகளைச் செய்தார்கள்.

முதல் வேலை, நாளைக் கணக்கு வைத்தது. பஸ்தியான் என்ற உபதேசியார் 1634ஆம் ஆண்டுக்குரிய திருநாள் காலண்டர் ஒன்றை விட்டுப்போனார் என்பது அவர்கள் மரபு. ஜப்பானியர் அப்போது பின்பற்றியது சந்திரனை வைத்துக் கணக்கிடும் பஞ்சாங்கம். அதில் கிறிஸ்து பிறப்பு எந்த நாளில் வரும், தவக்காலம் எப்போது தொடங்கும் என்று ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அதற்கென்றே ஊரில் ஒருவர் இருந்தார். அவருக்குச் 'சோகாத்தா' என்று பெயர், ஏட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாளைச் சொல்ல, இன்னொருவர் வீடு வீடாகப் போய்க் காதோடு காதாகத் தெரிவிப்பார்.

இரண்டாவது வேலை, பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கொடுத்தது. அதற்கும் ஊரில் ஒருவர் பொறுப்பு. சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தனக்கு முந்தியவரிடமிருந்து வாய்மொழியாகக் கற்று, தனக்குப் பின் வருபவருக்குக் கற்றுக்கொடுத்தார். செபங்களும் அப்படித்தான். லத்தீன் 'ஒராசியோ' அவர்கள் வாயில் 'ஒராஷோ' ஆனது. பல வார்த்தைகளுக்கு அவர்களுக்கே பொருள் தெரியாது. ஆனாலும் விடாமல் சொன்னார்கள்.

மூன்றாவது வேலைதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. நாகசாகிப் பகுதியில் ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கத்திலும் 'ஃபுமி-எ' என்ற சோதனை நடக்கும். மிதிக்கும் படம் என்று பொருள். இயேசுவின் உருவமோ மாதாவின் உருவமோ பதித்த ஒரு தகட்டைத் தரையில் வைப்பார்கள். குடும்பம் குடும்பமாக வந்து அதிகாரி முன்னால் அதை மிதித்துவிட்டுப் போக வேண்டும். மறுத்தால் சிறை, சித்திரவதை, சாவு.

உராகாமி மக்கள் மிதித்தார்கள். ஆண்டுதோறும் மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உத்தம மனஸ்தாப செபம் சொன்னார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில் முழு மனதோடு மனஸ்தாபப்பட்டால் ஆண்டவர் மன்னிப்பார் என்று பழைய குருக்கள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வேதசாட்சிகளைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு ஒரு மலைப்பு வரும், 'நம்மால் ஆகாது' என்று. ஆனால் ஜப்பானில் விசுவாசத்தை இருநூறு ஆண்டுகள் சுமந்து வந்தவர்கள், தைரியம் போதாமல் படத்தை மிதித்துவிட்டு அழுதவர்களின் பேரப்பிள்ளைகள். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே படுத்துவிடவில்லை. மறுநாள் காலை எழுந்து காலண்டரைப் பார்த்தார்கள். 'நான் அன்றைக்கு உடைந்துபோனேன், எனக்கு இனிமேல் கடவுளிடம் என்ன முகம் இருக்கிறது' என்று எனக்கு எழுதிய இரண்டு பேருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

ஏழு தலைமுறை கழித்துக் கடல் தாண்டிக் கருப்புக் கப்பல்களில் குருக்கள் வருவார்கள், அப்போது சத்தம் போட்டுச் செபம் சொல்லிக்கொண்டு தெருவில் நடக்கலாம் என்று பஸ்தியான் சொன்னதாக ஒரு வாய்மொழி மரபும் அவர்களிடம் இருந்தது. ஏழு தலைமுறை! சொல்கிறவரும் பார்க்க மாட்டார், கேட்கிறவரும் பார்க்க மாட்டார். அவர் பிள்ளையும் பார்க்காது. தெரிந்தேதான் கற்றுக்கொடுத்தார்கள்.

1850களில் ஜப்பான் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் துறைமுகங்களைத் திறந்தது. நாகசாகியில் வெளிநாட்டவர் குடியிருந்த பகுதியில், அவர்களுக்கென்று மட்டும், ஓவுரா என்ற இடத்தில் பிரெஞ்சுக் குருக்கள் ஒரு கோயில் கட்டினார்கள். 1865 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. ஜப்பானியருக்குத் தடை அப்படியே இருந்தது.

மார்ச் 17, வெள்ளிக்கிழமை மதியம். கோயில் வாசலில் பன்னிரண்டு பதினைந்து பேர் நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்த பெர்னார்ட் பெத்திஜான் என்ற குரு கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போய்ப் பீடத்தின் முன் முழந்தாளிட்டார். ஒரு பெண் பக்கத்தில் வந்து, நெஞ்சில் கை வைத்து, தங்கள் எல்லாருடைய இதயமும் அவருடைய இதயமும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னாள். மாதா சுரூபம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவள் பெயர் யூரி. உராகாமியிலிருந்து வந்திருந்தாள்.

பெத்திஜானுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அழிந்துபோனது என்று உலகமே முடிவு கட்டிய ஒரு திருச்சபை வந்து பக்கத்தில் முழந்தாளிடுகிறது.

அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். இப்போது துயரக் காலம், இன்று அதன் பதினேழாம் நாள், நீங்களும் இதை அனுசரிக்கிறீர்களா என்று கேட்டார்கள். கணக்கு வாத்தியார்களின் பிள்ளைகள் யாராவது இருந்தால் சரிபாருங்கள். 1865இல் சாம்பல் புதன் மார்ச் 1. மார்ச் 17 தவக்காலத்தின் 17ஆம் நாள். ஒரு நாள் கூடத் தப்பவில்லை. கேட்டுச் சரிபார்க்க ஒரு குரு இல்லாமல், வெளியில் தெரிந்தால் உயிர் போகும் நிலையில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே உள்ள ஒரு விவசாயக் கிராமம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் போட்ட கணக்கு, ரோமாபுரியின் கணக்கோடு ஒத்துப்போனது.

பொறுமை என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்தப் பதினேழாம் நாளைத்தான் காட்டுவேன். ஏழு தலைமுறையில் ஒருவர் 'இந்த வருஷம் விட்டால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்' என்று நினைத்திருந்தால் போதும், அந்தக் கணக்கு அறுந்திருக்கும்.

கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடையாளம் தெரிந்த பிறகுதான் பெரிய துன்பம் வந்தது. இறந்தவர்களைப் புத்த சடங்கின்படி அடக்கம் செய்ய உராகாமி மக்கள் மறுத்தார்கள். இனிமேல் ஒளிய மாட்டோம் என்றார்கள். 1867 ஜூலையில் ஓர் இரவு 68 பேரைக் கைது செய்தார்கள். அடுத்து 1868இலும் 1870இலுமாக ஏறக்குறைய ஊர் முழுவதையும், சுமார் 3,400 பேரை, குடும்பங்களைப் பிரித்துப் பல பகுதிகளுக்கு நாடு கடத்தினார்கள். சுவானோ என்ற ஊரில் சிலரைக் கடுங்குளிரில் மூன்றடிக் கூண்டுக்குள் அடைத்தார்கள். உறைந்த குளத்தில் இறக்கினார்கள். 600க்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவே இல்லை. இந்த நாடுகடத்தலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் 'தாபி'. ஜப்பானிய மொழியில் பயணம் என்று பொருள்.

மேலை நாடுகள் இதைக் கண்டித்துக்கொண்டே இருந்தன. ஜப்பானிய அரசின் தூதுக்குழு போன இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. 1873 பிப்ரவரியில் தடைப் பலகைகளை எடுத்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். பலருக்கு வீடும் இல்லை, பண்டபாத்திரமும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்துப் பணம் சேர்த்து ஓர் இடம் வாங்கினார்கள். எந்த இடம் தெரியுமா? ஆண்டுதோறும் தங்களைப் படத்தை மிதிக்க வைத்த ஊர்த் தலைவரின் வீடு இருந்த இடம். அங்கே 1895இல் கோயில் கட்டத் தொடங்கி, செங்கல் செங்கலாக அடுக்கி, 1914இல் முடித்தார்கள். கோபுரங்கள் எழும்ப 1925 ஆயிற்று. தங்களை அவமானப்படுத்திய இடத்தை அவர்கள் இடித்துப் பழி தீர்க்கவில்லை, விலை கொடுத்து வாங்கிச் செபிக்கும் இடமாக மாற்றினார்கள்.

எல்லாரும் இந்தத் திருச்சபையோடு சேரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தங்கள் முன்னோர் காத்த முறையே போதும் என்று இகித்சுகி போன்ற தீவுகளில் தனியே தொடர்ந்தவர்களும் உண்டு. அதுவும் ஒரு விசுவாசம்தான்.

இப்போது நீங்கள் எதிர்பார்த்த ஆண்டு. 1945 ஆகஸ்டு 9, காலை 11 மணி 2 நிமிடம். அணுகுண்டு வெடித்தது நகரின் நடுவில் அல்ல, உராகாமிக்கு மேலே. கோயிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தூரம். பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் காத்திருந்த மக்களும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். உராகாமியின் சுமார் 12,000 கத்தோலிக்கரில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள்.

'இத்தனை தலைமுறை காத்திருந்ததற்குக் கிடைத்த பலன் இதுதானா?' இந்தக் கேள்வி எனக்கும் வரும். இதற்கு என்னிடம் விடை இல்லை. விடை சொல்கிறவர்களை நான் அதிகம் நம்புவதும் இல்லை. அவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல முடியும். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பு இடிபாடுகளைத் தோண்டினார்கள். இரண்டு மணிகளில் ஒன்று உடைந்து கிடந்தது. மற்றது உடையாமல் இருந்தது. மரக்கட்டைகளை நட்டு அதைத் தொங்கவிட்டு, கிறிஸ்துமஸ் முந்திய இரவில் அடித்தார்கள்.

அதில் முன்னின்றவர்களில் ஒருவர் தகாஷி நாகாய் என்ற கதிரியக்க மருத்துவர். குண்டு விழும் முன்பே அவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டிருந்தது. குண்டில் மனைவி மிதோரி போய்விட்டார். மிதோரி, உராகாமியின் அந்த ஏட்டுக்காரர்களின் வம்சத்தில் வந்தவர். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, இரண்டு பாய் விரிக்கும் அளவே உள்ள குடிசையில் படுத்தபடியே நாகாய் புத்தகங்கள் எழுதினார். அவற்றில் ஒன்றின் பெயர் 'நாகசாகியின் மணிகள்'. 1951 மே 1 அன்று, 43 வயதில் இறந்தார்.

நம் கத்தோலிக்க விவிலியத்தில் ஒரு நல்ல சொல் இருக்கிறது, எதிர்நோக்கு. கடவுளை நம்புவது நம்பிக்கை, அவர் தருவதை முன்னால் பார்த்து நிற்பது எதிர்நோக்கு. புனித பவுல் ரோமையருக்கு எழுதும்போது துன்பத்தில் தொடங்கி, பொறுத்து நிற்கும் உறுதி வழியாக எதிர்நோக்கில் கொண்டுபோய் முடிக்கிறார். அந்த வரிசை எனக்கு நெடுநாள் தலைகீழாகத் தோன்றியது. நம்பிக்கை இருந்தால்தானே பொறுக்க முடியும்? உராகாமியைப் படித்த பிறகு பவுல் சொல்வது விளங்கிற்று. நாளைக் கணக்கு வைப்பது, பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது என்று கையில் இருக்கும் சின்ன வேலையை விடாமல் செய்யச் செய்ய, எதிர்நோக்கு தானாக ஊறுகிறது. கிணறு இறைக்க இறைக்க ஊறுவது மாதிரி.

என் அனுபவத்திலும் அது உண்மை. உங்கள் சார் பக்கவாதத்தில் படுத்திருந்த மூன்று ஆண்டுகள் உங்களில் பலருக்குத் தெரியும். அந்த நாட்களில் பெரிய பெரிய செபங்கள் எனக்கு வரவில்லை. ஐந்து மணிக்கு மருந்து, எட்டு மணிக்குக் கஞ்சி, இரண்டு மணிக்கொரு தரம் படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, சாயங்காலம் அவர் காதில் ஒரு அருள்நிறை மரியே. இதுதான் அட்டவணை. அவர் எழுந்து நடக்கவில்லை. ஆனால் கடைசி நாள் வரை எங்கள் வீட்டில் இருட்டு புகவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், குறிப்பாக என் பெண் பிள்ளைகளுக்கு. அடியையும் உதையையும் வாங்கிக்கொண்டு வாய் மூடி இருப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைக்கிறவர்களை நம்பாதீர்கள். உராகாமி மக்கள் காலம் வந்தபோது நிமிர்ந்து நின்று முடியாது என்றார்கள். பொறுமையாக இருந்தவர்கள் என்பதால்தான் அவர்களால் அப்படிச் சொல்ல முடிந்தது. ஆபத்தில் இருப்பவர்கள் முதலில் அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள். எனக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிரச்சினை முழுவதையும் இன்றைக்கே தீர்க்க முடியாது. உங்கள் காலண்டர் எது என்று பாருங்கள். வேலை தேடுகிறவருக்கு அது தினம் அனுப்பும் ஒரு விண்ணப்பம். கடன் உள்ளவருக்கு மாதம் அடைக்கும் ஐந்நூறு ரூபாய். நோயாளி வீட்டில் வேளைக்குக் கொடுக்கும் மருந்து. மனம் கசந்தவருக்கு ராத்திரி தூங்கும் முன் ஒரே ஒரு பரலோகச் செபம். வேறு சமயத்துப் பிள்ளைகள் உங்கள் சாமியிடம் உங்கள் சொல்லில் சொல்லுங்கள். விட்டுப்போன நாளை நினைத்து உட்கார்ந்துவிடாமல், அடுத்த நாள் தொடருங்கள்.

உராகாமிக் கோயிலை 1959இல் திரும்பக் கட்டினார்கள். உடைந்த மணிக்குப் பதிலாக அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பணம் திரட்டிப் புதிய மணி ஒன்று செய்து கொடுத்தார்கள். குண்டு போட்ட நாட்டு மக்கள் கொடுத்த மணி. 2025 ஆகஸ்டு 9 அன்று, 11 மணி 2 நிமிடத்துக்கு, 80 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.

சரி, இப்போது எழுந்து போகலாம். போகும் முன் உங்கள் காலண்டர் எது என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி இன்று சாயங்காலம் செபமாலையில் ஒப்புக்கொடுக்கிறேன்.

அன்புடனும் ஆசீரோடும்,
உங்கள் வரலாற்று டீச்சர்